குடத்துக்கு 14 பாட்டில்

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. போன ஞாயிறு உன் பிள்ளை கவினின் வீட்டுப்பாடத்தைப் பற்றி நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடும், மருமகள் மீனா வந்து போனை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். கவினிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

"இவ்வளவு பீஸ் கட்டுறோம், வாரத்துக்கு ஒரே ஒரு தாள்தான் வீட்டுப்பாடமா? அதுலயும் குடத்தை எண்ணச் சொல்றாங்க. இதெல்லாம் ஒரு படிப்பாப்பா?" என்று கேட்டாய்.

முதலில் அளவு. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கே 2 மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது என்று 2020-இல் வந்த மத்திய அரசின் புத்தகப் பை கொள்கை சொல்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு அறவே கிடையாது. அதற்கு முன்பே, 2018-இல், நம் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆகவே பள்ளிக்கூடம் சோம்பலாக இருக்கிறது என்று நினைக்காதே. பெற்றோர் கூட்டத்தில் அந்த டீச்சர் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். 1993-இலேயே பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் தேடிப் பார்க்கிற வேலை மட்டும் இருக்கட்டும் என்று எழுதிவிட்டதாம். அப்போது நீ சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகும் உனக்கு வாய்ப்பாட்டைப் பத்துப் பத்து தடவை எழுதத்தான் கொடுத்தார்கள். நானும் பக்கத்தில் ஸ்கேலோடு உட்கார்ந்திருந்தேன். அதை விடு.

வாரா வாரம் ஒரு தாள் வரும், செய்து முடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாத் தாளும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தெர்மாகோலில் குடிசை செய் என்று ஒரு வாரம் வந்தது. வீடு முழுக்க வெள்ளைத் தூள், உன் அம்மா இரண்டு நாள் பெருக்கிக்கொண்டே இருந்தாள், பிள்ளை கற்றது எதுவும் இல்லை. ஆனால் கோலம் வந்த வாரம் வேறு மாதிரி. ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி, நாலில் நிறுத்த வேண்டும் என்று உன் அம்மா வாசலில் வைத்துக் காட்டினாள். மொத்தம் எத்தனை புள்ளி என்று கவின் விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நடுவுல ஏழு, மேல ஆறு அஞ்சு நாலு, கீழயும் அதேதான்" என்றான். 37. கூட்டல் குறி போடாமலேயே கூட்டிவிட்டான். அம்பது வருஷமாகக் கோலம் போடுகிற உன் அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் அந்தக் கணக்கு தெரிந்தது.

இப்போது நீ கேலி பண்ணிய குடத்துக்கு வருகிறேன். தாளில் இருந்தது ஒரே வரி: "உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது? குடும்பத்தோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள்."

நான் உடனே டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஷெல் பிரிவில் முப்பத்தாறு வருஷம் அளந்த கை, சும்மா இருக்குமா? வாளியின் விட்டம், உயரம் என்று ஆரம்பித்தேன். கவின் என்னை ஒரு மாதிரி பார்த்தான். உள்ளே போய் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வந்தான். "இதால ஊத்தி எண்ணலாம் தாத்தா." டேப்பை மடித்து வைத்துவிட்டேன்.

குடத்தில் ஊற்ற ஊற்ற அவன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டான். நாலு கோடு, குறுக்கே ஒன்று. 14 பாட்டிலில் குடம் கழுத்து வரை வந்துவிட்டது. வாங்கும்போது கடைக்காரர் 15 லிட்டர் என்று சொல்லியிருந்தார். கவினுக்கு அதில் பெரிய வருத்தம். "ஏமாத்திட்டாரா?" என்றான். வாய் வரை ரொப்பினால் பதினைந்து பிடிக்கும்டா, ஆனால் இடுப்பில் வைத்து நடந்தால் அந்த ஒரு லிட்டர் தெருவுக்குத்தான் போகும் என்றேன். அப்புறம் உண்மையிலேயே வாய் வரை ரொப்பி, தூக்கிக்கொண்டு அடிபம்பிலிருந்து வாசல் வரை தள்ளாடி நடந்து பார்த்தான். சட்டையெல்லாம் நனைந்தது. வந்ததும் தாளில் 14 என்று எழுதினான்.

குளிக்கிற வாளி 16. சனிக்கிழமை காலையிலிருந்து ராத்திரி வரை குளியலறைக் கதவில் கோடு. வாஷிங் மெஷினை எப்படி அளப்பது என்று மீனாதான் வழி சொன்னாள்: அழுக்குத் தண்ணீர் வெளியே வருகிற குழாயை வாளியில் விடு. ஏழு வாளி! அவளே மலைத்துப்போய்விட்டாள். குளிக்க ஆறு வாளி, பாத்திரத்துக்கு நாலு, கழிவறைக்கு ஆறு, வாசலுக்கும் செடிக்கும் சேர்த்து ஒன்று. குடிக்கவும் சமைக்கவும் இரண்டே குடம். கூட்டிப் பார்த்தால் 412 லிட்டர். நாலு பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 103. நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றுதான் அரசாங்கக் கணக்கு போடுகிறார்கள் என்று சொன்னதும், அவன் ஏதோ பரிசு வாங்கின மாதிரி பாட்டியிடம் ஓடினான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன், "தண்ணியே வரலைன்னா?" என்று கேட்டான். 2019 உனக்கு ஞாபகம் இருக்கும். புழல் ஏரியும் செம்பரம்பாக்கம் ஏரியும் வறண்டு கிடந்ததும், லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நீ ஆபீசுக்கு லீவு போட்டதும். அவன் அப்போது கைக்குழந்தை மாதிரி. ஜூலை 12-ஆம் தேதி நம் வில்லிவாக்கத்துக்கே ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்ததைச் சொன்னேன். 50 வேகன், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 50,000 லிட்டர், அங்கிருந்து குழாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குப் போனது என்று.

"ஒரு வேகன் நம்ம வீடு மாதிரி எத்தனை வீட்டுக்கு வரும்?"

எனக்கு நேராக வகுத்துத்தான் பழக்கம். அவனுக்கு அந்த வகுத்தல் இன்னும் வராது. 412-ஐ 400 என்று வைத்துக்கொண்டான். பத்து வீட்டுக்கு 4,000. நூறு வீட்டுக்கு 40,000. மிச்சம் 10,000. அதில் இருபது வீடு போனால் 8,000, இன்னும் ஐந்து வீடு. 125! ரயில் முழுக்க என்றால் ஆறாயிரத்துச் சொச்சம் வீடு, அதுவும் ஒரே ஒரு நாளைக்கு. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு போய் ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை இறுக்கி மூடினான். வாஷர் போய்விட்டது, அது மூடாது. மறுநாள் நானும் அவனும் சேர்ந்து மாற்றினோம். இது எழுத்து வேலை இல்லைதான்.

ஞாயிறு ராத்திரி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மற்ற பிள்ளைகளின் தாள்கள் வர ஆரம்பித்தன. கலர் பிரிண்ட், லேமினேஷன், வட்ட வரைபடம். நம் தாளில் ஈரக்கறை, ஒரு இடத்தில் அடித்தல் வேறு. மீனா முகம் சுருங்கிவிட்டது. நீயும் போனில், "ஜெராக்ஸ் கடையில கொடுத்து டைப் பண்ணி வாங்குங்கப்பா, காசு நான் போடறேன்" என்றாய். நான் கோபமாக வேண்டாம் என்றதற்குக் காரணம் உனக்குத் தெரியாது. இத்தனை நாள் சொன்னதில்லை.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது தமிழ்நாட்டு ஆறுகள் வரைபடம் கேட்டார்கள். நீ போட்டது கோணல்மாணலாக இருந்தது. நீ தூங்கின பிறகு நான் உட்கார்ந்து, டிரேசிங் பேப்பர் வைத்து, இந்தியன் இங்கில் ஆறுகளை இழுத்து, ராத்திரி ஒரு மணிக்கு முடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் பத்துக்குப் பத்து என்றாய். அவ்வளவுதான். அந்த அட்டையை நீ வீட்டுக்குக் கொண்டு வரவே இல்லை. எத்தனையோ வருஷம் கழித்து உன் அம்மா சொன்னாள்: டீச்சர் எல்லோர் முன்னாலும் அட்டையைத் தூக்கிக் காட்டி, வைகை எங்கே இருக்கிறது, தொட்டுக் காட்டு என்றாராம். உனக்குத் தெரியவில்லை. கோணல் படத்தில் நீயே போட்ட வைகை உனக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வருகிற வழியில் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டாயாம். என் மேல் உனக்குக் கோபம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

கவினின் தாள் ஈரக்கறையோடே போனது. டீச்சர், குடத்தில் ஏன் 14 என்று கேட்டிருக்கிறார். தள்ளாடி நடந்து காட்டினானாம்.

சரி, இப்போது உன் வேலை. இந்த வாரத் தாளில், தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுத வேண்டும். வேறு யாரைக் கேட்பான்? கேள்வியெல்லாம் எழுதி வைத்துவிட்டான். மஸ்கட்டில் ஆறு இருக்கிறதா? அங்கேயும் நம் நெம்மேலி ஆலை மாதிரி உப்பை எடுத்துவிட்டுக் கடல் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்களா? உப்புக் கரிக்குமா? அப்பா ஒரு நாளைக்கு எத்தனை வாளி? கடைசிக் கேள்வியை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. இங்கே ராத்திரி ஏழு மணிக்குக் கூப்பிடுவான், அங்கே ஐந்தரை. போனில் தேடிப் பார்த்துப் படித்துக் காட்டாதே, கண்டுபிடித்துவிடுவான். குளியலறைக் கதவில் கோடு போட உன் அறைக்காரர்கள் விடுவார்களா தெரியவில்லை. ஒரு காகிதத்திலாவது போடு. வியாழக்கிழமையே ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் காலி பண்ணி வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா