பெயர் கேட்காமல் விட்ட பெரியவருக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு வருடம் அல்லாஹ்விடம் துஆ கேட்டுக் காத்திருந்த வேலை கைக்கு வந்து நழுவிய அன்று, மாலை நேர அஸர் தொழுகை முடிந்தும் பள்ளிவாசலின் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பக்கத்தில் வந்து அமர்ந்தீர்கள். என்ன நடந்தது என்று துருவவில்லை. நானாகச் சொன்ன பிறகு, "இஸ்திகாரா தொழுதீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டீர்கள். எது நன்மையோ அதைத் தரும்படி அல்லாஹ்விடம் கேட்கும் அந்தத் தொழுகையைத் தொழுதேன் என்றேன். "அந்த துஆவோட கடைசி வரி ஞாபகம் இருக்கா?"

எனக்கு அது அரபியில் மனப்பாடம். பொருளை நிதானமாக யோசித்ததில்லை. தஸ்பீஹ் மணியை மடியில் வைத்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சொன்னீர்கள்: இது எனக்குக் கெட்டது என்றால் இதை என்னை விட்டுத் திருப்பிவிடு, என்னையும் இதை விட்டுத் திருப்பிவிடு, நன்மை எங்கே இருந்தாலும் அதை எனக்கு விதித்துவிடு, பிறகு அதில் எனக்குத் திருப்தியைக் கொடு. "வேலையைத் திருப்பியாச்சு. உங்க மனசு இன்னும் அங்கேயே நிக்குது. மிச்சத்தையும் கேளுங்க."

குர்ஆனின் ஓர் அத்தியாயத்தைக் கற்றுத்தருவது போல நபி (ஸல்) அவர்கள் இந்த துஆவைக் கற்றுத்தந்தார்கள் என்று நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. படித்திருக்கிறேன், ஆனால் அன்றுதான் புரிந்தது. நாம் வெறுக்கும் ஒன்று நமக்கு நன்மையாக இருக்கலாம் என்னும் குர்ஆனின் 2:216 வசனமும் அப்படித்தான்.

வேறு வேலை இன்னும் அமையவில்லை. ஆனால் இரவில் தூக்கம் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கடைசி வரியை இப்போது தமிழிலும் கேட்கிறேன். ஜஸாகல்லாஹு கைரன். இன்ஷா அல்லாஹ், நாளை அஸருக்கும் அதே வரிசையில் இருப்பேன்.