சிறுவர் பக்கத்தில் ஒரு கட்டச் சதுரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது, 16க்கு 16 கட்டம் போட்ட வெற்றுச் சதுரம் ஒன்றை அச்சிட்டுத் தாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஏழாவது படிக்கும் என் மகளுக்குச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்ய ஆசை. அதில் ஓடியாடும் பொம்மையை ஸ்ப்ரைட் என்கிறார்கள். அதை வரையக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு வகுப்பில் சேர்த்தோம், இரண்டு மாதமும் சாப்ட்வேரில் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதிலேயே போய்விட்டது. கடைசியில் அவள் வரையப் பழகியது கணக்கு கிராஃப் நோட்டில், ஒவ்வொரு கட்டமாக நிறம் தீட்டித்தான்.

மொத்தம் 256 கட்டம்தானே என்று நானும் நினைத்தேன். முகத்துக்குக் கிடைப்பது ஏழெட்டுக் கட்டம், அதில் வாய் வைத்தால் அழுக்கு ஒட்டியது போலத் தெரிகிறது. 1981இல் வந்த 'டாங்கி காங்' கேமுக்காக மரியோ என்ற பொம்மையை வரைந்த ஷிகெரு மியாமோட்டோவுக்கும் இதே சிக்கல்தான். வாய்க்கு இடமில்லை, அதனால் பெரிய மூக்கும் மீசையும். தலைமுடி வரையாமல் தப்பிக்கத் தொப்பி. கை வீசுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சட்டைக்கு ஒரு நிறம், மேலே போட்ட ஓவரால்ஸுக்கு (தோளில் பட்டை மாட்டும் பேன்ட்) வேறு நிறம்.

நடக்க வைப்பது இன்னும் கஷ்டம். மகள் ஒரு தபால்காரரை வரைந்தாள். காலை மட்டும் மாற்றி மாற்றி நான்கு படம். பிஸ்கெல் என்ற இலவச சாப்ட்வேரில் ஏற்றி ஓட்டிப் பார்த்தால் மனிதர் தரையில் வழுக்கிக்கொண்டு போகிறார். என்னை ஹாலில் இப்படியும் அப்படியும் நடக்கவிட்டு உற்றுப் பார்த்தாள், அப்புறம் கால் விரியும் இரண்டு படங்களில் மட்டும் தலையையும் உடம்பையும் ஒரே ஒரு கட்டம் கீழே இறக்கினாள். உடனே அவர் நிஜமாகவே அடியெடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்! தோள்பையை ஒரு படம் தாமதமாக இறக்கியதும் பைக்குள் கடிதங்கள் இருப்பது போலவே கனம் வந்துவிட்டது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதம்.

இதற்குக் கம்ப்யூட்டர் பிறகு வந்தால் போதும், முதலில் தேவை கட்டமும் மூன்று கலர் பென்சிலும்தான். பிள்ளைகள் அனுப்புவதில் நான்கைந்தை அடுத்த மாதம் போடுங்கள். ஒன்று மட்டும், கட்டக் கோடுகளை வெளிர் நிறத்தில் அச்சிடுங்கள், அழுத்தமான கறுப்பில் போட்டால் பிள்ளைகள் தீட்டும் நிறம் எடுபடாது.

ஒரு வாசகி,
பாளையங்கோட்டை