எங்கள் ஆட்களும் பாடட்டும்: கடலோரப் பங்குகளின் பாடகர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன் தொடங்கி மூக்கையூர் வரை ஞாயிறுதோறும் பாட்டு எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும், பங்குத்தந்தையருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

இருபத்திரண்டு வருடம் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவள் நான். விரல் நடுக்கம் வந்த பிறகு இறங்கிவிட்டேன். இப்போது பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசை. அங்கே உட்கார்ந்த பிறகுதான் பாட்டு கோயிலுக்குள் எப்படிக் கேட்கிறது என்று தெரிகிறது.

ஒரு ஞாயிறு. சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் விடியலில் கரை சேர்ந்திருந்தன. மீனை இறக்கிவிட்டு, குளித்து, தலை ஈரம் காயாமல் ஆண்கள் பூசைக்கு வந்திருந்தார்கள். திருவிருந்துக்கு யூடியூபில் எல்லோரும் கேட்கிற ஒரு புதுப் பாட்டு, பென்டிரைவில் பதிந்த பின்னணி இசை, அதாவது டிராக். நீளமான முன்னிசை முடிந்து, ஒரு தங்கச்சி அழகாகவே பாடினாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் எனக்கு மாமா முறை ஆகும் பெரியவர் ஒருவர் முதல் வரியில் சேர்ந்துகொண்டார். இரண்டாம் வரி மேலே ஏறியதும் குரல் பிசிறியது. தொண்டையைச் செருமினார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பூசை முடியும்வரை திறக்கவில்லை. நடுக்கடலில் இன்னொரு படகுக்காரரைக் கூப்பிட்டு நிறுத்துகிற குரல் அது!

புதுப் பாட்டே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பல்லவி, அனுபல்லவி, சரணம் வைத்துக் கிறிஸ்தவக் கீர்த்தனை கட்டிய காலத்தில் அதுவும் புதுப் பாட்டுதான். என் பாட்டி பூசையில் கேட்டது முழுக்க லத்தீன். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்னும் உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவை வழிபாட்டைப் பற்றிச் சட்டம் வகுத்து, மக்கள் உணர்ந்து, முழுமையாக, தாங்களே பங்கெடுக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் நம் கோயில்களில் தமிழ்ப் பூசை வந்தது. அப்படிக் கைக்கு வந்த உரிமையை ஒரு பென்டிரைவிடம் கொடுத்துவிட்டு, கைகட்டிக் கேட்டுக்கொண்டு நிற்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

யூடியூபில் வரும் பாட்டு பெரும்பாலும் ஒரு தனிக் குரலுக்காகப் போட்டது. பயிற்சி உள்ள குரல் ஏறும் இடத்துக்கு எல்லாம் அறுபது வயது மீனவரின் குரல் ஏறாது, கடற்பாசி எடுக்க முங்கி முங்கி மார் வலித்து வரும் அக்காமார் குரலும் ஏறாது. தம்பி, கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. 'டி' சுருதியில் இருக்கும் பாட்டை 'பி' சுருதிக்கு இறக்க மூன்று தடவை அமுக்கினால் போதும். பாடும் பிள்ளைக்குக் கொஞ்சம் சோபை குறையும், கோயில் நிறைய ஆட்கள் சேருவார்கள். டிராக் போட்டுவிட்டால் இது முடியாது. மக்கள் தடுமாறினால் டிராக் நிற்காது, குருவானவர் நற்கருணை கொடுத்து முடிக்கக் காத்திருக்காது. இசைக்கருவிக்குப் பதிலாக ஒலிப்பதிவை வழிபாட்டில் போடக்கூடாது என்று ரோமில் இருந்து 1958-லேயே அறிவுரை வந்திருக்கிறது. வாசிக்க ஆள் இல்லையென்றால் வெறும் குரலில் பாடுங்கள். தபேலா ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது வரிகள். இதைச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது. எங்கள் தெருவில் ஏழு பேரை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றிருந்த வாரம் அது. அதில் ஒருவருடைய மனைவி கைக்குழந்தையோடு என் பக்கத்தில் இருந்தாள். அன்றைய வருகைப் பாட்டு முழுக்க வெற்றி, ஆசீர்வாதம், எனக்குக் குறைவே இல்லை என்றே போனது, கைதட்டலோடு. அவள் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாடின பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை, வியாழக்கிழமையே தேர்ந்தெடுத்த பாட்டு அது. ஆனால் சனிக்கிழமை ராத்திரி அதை மாற்றியிருக்கலாம். கப்பலேறிக் கடலில் தொழில் செய்தவர்கள் புயலில் மாட்டி, குடித்தவர் போலத் தள்ளாடி, ஆண்டவரைக் கூப்பிட்ட கதை 107-ஆம் திருப்பாடலில் இருக்கிறது. நமக்காகவே எழுதினது போல. அதற்கு ஒரு புது மெட்டுப் போடுங்களேன். யாரும் போட்டுக் கேட்டதில்லை என்று எனக்கு எத்தனை நாள் ஏக்கம்!

முதல் வாசகத்துக்குப் பிறகு ஒருவர் பாட, மக்கள் ஒரே வரியைத் திருப்பிப் பாடும் பதிலுரைப் பாடலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு பாட்டு வைப்பதையும் விட்டுவிடுங்கள். வழிபாட்டு விதி அதை அனுமதிப்பதில்லை. விதியை விடுங்கள், நம் ஆட்களுக்கு ஆகிவந்த வடிவமே அதுதான். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா என்கிற வேலைப்பாட்டை எடுப்பார், கயிற்றைப் பிடித்த அத்தனை பேரும் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடுவார்கள். எடுப்பவர் வரி மாறிக்கொண்டே போகும், வாங்குபவர் வரி மாறாது. தாளும் வேண்டாம், புரொஜெக்டரும் வேண்டாம். என் அப்பா எழுத்தே அறியாதவர், அம்பாவில் ஒரு வரி தவறவிட்டதில்லை. புதுப் பாட்டைத் தேடும்போது இதைத்தான் தேடுங்கள்: இரண்டே வரிப் பல்லவி, ஒருதரம் கேட்டால் வாங்கிவிடக்கூடியது, அன்றைய வாசகத்தோடு ஒட்டியது. சரணத்தில் உங்கள் திறமை முழுவதையும் காட்டுங்கள், நாங்கள் ஆசையாகக் கேட்போம்.

கற்றுக்கொடுக்க நேரம் இல்லை என்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும், ஆண்கள் கரையில் இருப்பார்கள். பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால் யாராவது ஒருவர் மைக் இல்லாமல் நடுக்கோயிலில் வந்து நின்று பல்லவியை மட்டும் இரண்டு தரம் சொல்லிக் கொடுங்கள். ஒரு பாட்டை நான்கு ஞாயிறு மாற்றாதீர்கள். தடைக்காலம் முடிவதற்குள் இரண்டு பாட்டு எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். ஜூன் பதினைந்தில் அதைப் பாடிக்கொண்டே கடலுக்குப் போவார்கள்.

எங்கள் பங்குப் பிள்ளைகள் கூப்பிட்டால் வருகிற தடைக்காலத்தின் முதல் ஞாயிறே நான் வந்து நடுக்கோயிலில் நிற்கிறேன். வாசிக்கத்தான் விரல் வராது, பாட்டு எடுக்கத் தொண்டை இன்னும் இருக்கிறது. அந்த மாமாவையும் முன் வரிசைக்குக் கூட்டி வருவேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி