பாஸ்புக்கில் காணாமல் போன வருஷங்கள்

திருவொற்றியூர்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பேத்தி பிறந்த செய்தியைத் தங்கச்சி போனில் சொன்னது. சந்தோஷம்.

நம்ம கம்பெனியில் பென்ஷன் விஷயம் சூடு பிடித்திருக்கிறது. கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற அக்காவை ஞாபகம் இருக்கிறதா? அடுத்த மாதம் 58 வயது முடிகிறது. பிஎஃப் பாஸ்புக்கில் ஏழு வருஷ சர்வீஸ்தான் காட்டுகிறது. முதல் கான்ட்ராக்டர் வேறு பிஎஃப் நம்பர் போட்டிருக்கிறார், அதையாவது சேர்த்துவிடலாம். அடுத்து வந்தவர் பிடித்த பணத்தைக் கட்டவே இல்லை. பத்து வருஷ சர்வீஸ் இல்லையென்றால் மாதப் பென்ஷன் கிடையாது, ஒரு தொகையைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். ஒன்பதரை இருந்தாலும் பத்தாக எடுத்துக்கொள்வார்கள், அதற்கும் வழியில்லை.

அக்கா ஒரு சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். ரேஷன் கார்டு கவருக்குள் நாலாக மடித்து வைத்தது. மடிப்பில் இருந்த பெயரெல்லாம் அழிந்துவிட்டது, 'பிஎஃப் 780' மட்டும் தெளிவாக இருக்கிறது. 6,500 ரூபாய்க்கு 12 சதவீதம். முதலாளி பங்கிலிருந்து 8.33 சதவீதம், அதாவது 541 ரூபாய், மாதாமாதம் பென்ஷன் நிதிக்குப் போயிருக்க வேண்டும்.

நம்ம பர்மனென்ட் ஆட்கள் 'அது கான்ட்ராக்ட் மேட்டர்' என்று நழுவினார்கள். 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததும் உயர் பென்ஷனுக்கு ஜாயின்ட் ஆப்ஷன், அதாவது முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கிற விருப்ப மனு, போட பிரவுசிங் சென்டரில் முண்டியடித்த அதே ஆட்கள்! எனக்கு வந்ததே கோபம். சரி, பாதிப் பேர் கான்ட்ராக்டில் இருந்து வந்தவர்கள்தானே, உங்கள் பாஸ்புக்கையும் திறந்து பாருங்கள் என்றேன். வெல்டிங் செக்‌ஷனில் சிலருக்கு சர்வீஸ் 18, 19 வருஷம் என்று நிற்கிறது. 20 முடித்தால் கூடுதலாக இரண்டு வருஷம் சேர்த்துக் கணக்குப் போடுவார்களே, அதுவும் போச்சு. 2014 செப்டம்பருக்கு அப்புறம் ஒரு வருஷம் விட்டுப்போனால் என்ன நஷ்டம்? பென்ஷன் கணக்குக்கு எடுக்கிற உச்சச் சம்பளம் 15,000, ஒரு வருஷ சர்வீஸுக்கு அதை 70-ஆல் வகுத்துப் பார். மாதம் 214 ரூபாய், சாகிற வரைக்கும். அதன் பிறகுதான் சங்கத்தில் வாயைத் திறந்தார்கள்.

இப்போது ஞாயிறுதோறும் தேரடி பக்கம் கூடுகிறோம். கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், பர்மனென்ட் எல்லோரும் ஒரே பெஞ்சில். பழைய சீட்டு, ஈஎஸ்ஐ கார்டு, கேட் பாஸ், எது கிடைத்தாலும் நகல் எடுத்து ஆளுக்கொரு ஃபைல் போடுகிறோம். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் மெயின் கம்பெனிதான் பொறுப்பு என்று எழுதி, ராயப்பேட்டை பிஎஃப் ஆபீஸில் மனு கொடுத்தாயிற்று. நிர்வாகமோ பழைய வருகைப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது என்கிறது. பர்மனென்ட் ரிஜிஸ்டர் பத்திரமாக இருக்கிறதாம். கரையானுக்கும் ஆள் பார்த்துத் தின்னத் தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். டைம் ஆபீஸில் கான்ட்ராக்ட் ஆட்களின் வருகை டோக்கனைத் தினமும் உன் டைரியில் குறித்துவைப்பாயே, அவை இருக்கின்றனவா? இருந்தால் நீயே கொண்டுவந்து ஒரு வாக்குமூலமும் எழுதிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் ஞாயிறு கூட்டத்துக்கு வந்துவிடலாம். எழும்பூரில் நான் நிற்கிறேன். டிக்கெட் போட்டதும் ஒரு மிஸ்டு கால் கொடு.

இப்படிக்கு,
உன் பழைய ஷிஃப்ட் கூட்டாளி