பாட்டக்கெட்டின் 33 இன்னிங்ஸ்

ஐயா,

அமெரிக்க பேஸ்பால் என்றாலே நியூயார்க், பாஸ்டன் அணிகளைத்தான் எழுதுகிறோம். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் சிறு நகரமான பாட்டக்கெட்டையும் வாசகர்கள் அறிய வேண்டும். 1981 ஏப்ரல் 18 இரவு, அங்கிருந்த மெக்காய் மைதானத்தில் பாட்டக்கெட் அணி ரோச்செஸ்டர் அணியுடன் தொடங்கிய ஆட்டம் மறுநாள் அதிகாலை 4.07 வரை நீண்டு, முடிவில்லாமல் நிறுத்தப்பட்டது. வீரர்கள் உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். கடைசிவரை இருந்த ரசிகர்கள் 19 பேர்! ஜூன் 23-ல் மீண்டும் தொடங்கி, 33-வது இன்னிங்ஸில் (வழக்கமாக ஒன்பதுதான்) பாட்டக்கெட் 3-2 என வென்றது. தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இல்லை. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வேட் பாக்ஸ், கால் ரிப்கன் இருவரும் அதில் எதிரெதிரே ஆடியவர்கள்.

அந்த மைதானத்தில் வீரர்கள் அமரும் இடம் பார்வையாளர் வரிசைக்கு நேர் கீழே இருந்தது. சிறுவர்கள் வெட்டிய பால் கேனில் பந்தையும் பேனாவையும் போட்டுக் கயிற்றில் இறக்குவார்கள். பந்து கையெழுத்தோடு மேலே வரும். எந்தப் பெரிய மைதானத்தில் இது நடக்கும்?

2021-ல் பாட்டக்கெட் அணி பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகருக்குப் போய்விட்டது. புதிய மைதானத்துக்கான பேரத்தில் அரை நூற்றாண்டு உறவு அறுந்தது அநியாயம். இத்தகைய சிறு நகர அணிகளின் வரலாற்றுக்கும் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இடம் தர வேண்டுகிறேன்.