ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. உன் குரலைக் கேட்டு இருபத்திரண்டு நாள் ஆகிறது. ‘டூட்டியில் இருக்கிறேன்’ என்று மெசேஜ் மட்டும் வருகிறது. பிலாஸ்பூரில் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவனுக்கு நேரங்காலம் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? ராத்திரி ஒரு மணிக்கு டூட்டிக்குக் கூப்பிடக் கால்பாய் வந்து கதவைத் தட்டினால் அப்பாவுக்கு முன்னால் எழுந்து டிபன் கேரியர் கட்டியவள் நான். டூட்டிக் கதையை என்னிடம் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு. டூட்டி முடிந்து நீங்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் சாப்பாடு பிடிக்காவிட்டாலும் சாப்பிடு. ராத்திரி வந்து தலைக்குக் குளிக்காதே.

போன வாரம் பரணில் இருந்து பெரிய தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினோம். 1928-ல் நாகப்பட்டினத்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பைப் பொன்மலைக்கு மாற்றினார்களே, அவரோடு வந்த பெட்டி. அடியில் துருப்பிடித்துவிட்டது, தூக்கிப்போட அப்பாவுக்கு மனசில்லை. அந்த வருஷமே ஆள்குறைப்பு, ஸ்டிரைக். “தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலரையே ஜெயிலில் போட்டார்கள், இவரை விடுவார்களா” என்று ஆத்தா சொல்லுவாள். வேலை போனதைப் பட்டம் வாங்கின மாதிரி சொல்லுவாள். 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலைச் சங்கத் திடலில் போலீஸ்காரர்கள் சுட்டார்கள், ஐந்து பேர் செத்தார்கள். உன் தாத்தா ஒற்றைச் செருப்போடு ஓடிவந்ததை நீயே நூறு தடவை அவர் வாயால் கேட்டிருக்கிறாய். 1974 மே ரயில்வே ஸ்டிரைக் இருபது நாள் நடந்தது. ஆத்தாவின் வளையல் அப்போது போனதுதான், திரும்பவே இல்லை.

நீ வேலைக்குச் சேர்ந்த அன்று இதையெல்லாம் நினைத்துத்தான் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். நாலாவது தலைமுறை. அப்பா வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் உன் ஆர்டர் காப்பியை ஜெராக்ஸ் எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட பிள்ளை, தங்கச்சி பதினோரு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்? சரி, விடு.

எதிர்வீட்டு அத்தையின் மருமகனும் உன் டிவிஷனில்தானே இருக்கிறார்? சிலிண்டர் விஷயமாக அங்கே போயிருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. கேட்காமலே சேரை இழுத்துப் போட்டாள், “தம்பி பேசினானா” என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு அந்த வழக்கம் உண்டு, கேட்காமல் வருவது.

நீ யூ.கே.ஜி. படித்த வருஷம் மார்கழியில் அப்பா புதுக்கோட்டை லைனில் இருந்து விடியற்காலை வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றார். “ஒரு ஆளு, கேட்டுக்கு இந்தப் பக்கம்...” என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. பிள்ளை இருக்கிற வீடு, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம் என்று கொல்லைக்குக் கூட்டிப்போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினேன். நாலு குடம் பச்சைத் தண்ணீர். பல் கிட்டிப்போய் நின்றார், அப்போதும் ஏதோ சொல்ல வந்தார், நான் அடுத்த குடத்தைக் கவிழ்த்தேன். கதவிடுக்கில் நீ நின்றதைப் பார்த்தேன். அப்புறம் இட்லி வைத்தேன், சாப்பிட்டார். அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. வராந்தாவில் படுக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். உள்ளே புழுக்கம் என்று எல்லோரிடமும் சொன்னேன். மார்கழியில் என்ன புழுக்கம்?

வீட்டுக்குள் எதைப் பேசக் கூடாது என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

நேற்று ராத்திரி டிவியை நிறுத்திவிட்டு, “அன்றைக்கு என்ன ஆச்சு” என்று அப்பாவிடம் கேட்டேன். என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. தோளில் பச்சைத் துண்டு போட்டிருந்தானாம். ஹாரன் அடிக்க அடிக்க ஒரு தடவை திரும்பிப் பார்த்தானாம். “பிரேக்கைப் போட்டாச்சு, வண்டி நிக்கணும்ல” என்று இதையே நாலைந்து தடவை சொன்னார். அந்த ஆளின் பெயரைப் பிறகு விசாரித்தாராம், யாருக்கும் தெரியவில்லையாம். நான் எப்போது பச்சையில் துண்டு வாங்கி வந்தாலும் கடையில் போய் மாற்றிக்கொண்டு வருவாரே, சாயம் போகும் என்று. எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

ஒரு மணிவரை பேசினார். நான் நடுவில் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் தண்ணீர் கேட்டார், குடித்தார், உள்ளே வந்து படுத்தார்.

செவ்வாய்க்கிழமை உனக்கு ரெஸ்ட் என்று தங்கச்சி சொன்னாள். அன்றைக்குப் போன் பண்ணு. என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் அப்பாவிடம் பேசு, நான் மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறேன். நாலு நாள் லீவு கிடைத்தால் பாஸ் எடுத்துக்கொண்டு வா. நேரத்துக்குச் சாப்பிடு. வந்தால் எந்த நேரமானாலும் வாசலில் நிற்காதே, பெட்டியோடு நேரே கூடத்துக்கு வா. குளிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா
பொன்மலைப்பட்டி