பட்டன் காபிக் கடையும் போப்பின் சந்தாப் பட்டியலும்

அன்புள்ள கதிரவனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கில எழுத்தாளர்களைப் படித்தால் இலக்கியத்தைவிட வசையே மிகுதியாகத் தெரிகிறது என்று சலித்துக்கொண்டு எழுதியிருந்தாய். வசை மிகுதிதான். ஆனால் எவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர், எவருடைய பிழைப்பு எவர் கையில் இருந்தது என்பதை அறியாமல் படித்தால் அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும்.

கட்டுரையாளர்களான ஜோசப் அடிசனும் ரிச்சர்ட் ஸ்டீலும் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் உடன்பயின்றவர்கள். அந்நாளில் இங்கிலாந்தில் எதிரெதிராக நின்ற விக், டோரி என்ற இரு கட்சிகளில் இருவரும் விக் கட்சியினர். 1711 மார்ச் 1 அன்று அவர்கள் தொடங்கிய 'ஸ்பெக்டேட்டர்' இதழ் ஞாயிறு தவிர நாள்தோறும் ஒரு பென்னி விலையில் வெளிவந்தது. நாளுக்கு 3,000 படிகள் விற்பதாகவும் படி ஒன்றை 20 பேர் படிப்பதாகவும் கொண்டு, தனக்கு 60,000 வாசகர் உண்டு என்று அடிசன் அதிலேயே கணக்குச் சொன்னார். விற்பவரே சொல்லும் கணக்கு என்பதால் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். ஆயினும் காபிக் கடையில் ஒரே தாள் பல கைகள் மாறியது உண்மை. கட்சிச் சண்டையைத் தன் பக்கங்களில் பெரும்பாலும் ஒதுக்கி வைத்ததால் இரு கட்சியினரும் அதைப் படித்தார்கள்.

லண்டனில் கோவென்ட் கார்டனை அடுத்த ரஸ்ஸல் தெருவிலிருந்த பட்டன் காபிக் கடையே அடிசனின் அவை. ஸ்டீலின் 'கார்டியன்' இதழுக்கு வரும் கடிதங்களை வாங்கிக்கொள்ள 1713இல் அங்கே ஒரு சிங்கத்தலையை வைத்தார்கள். அதன் வாய்தான் தபால் பெட்டி. அப்போது இளைஞரான கவிஞர் அலெக்சாண்டர் போப்பும் அந்த வட்டத்தோடு பழகினார். அதே ஆண்டு மேடையேறிய ரோமானிய அரசியல்வாதி கேட்டோவைப் பற்றிய அடிசனின் 'கேட்டோ' நாடகத்துக்கு முன்னுரைக் கவிதை எழுதியவரும் அவரே. அந்த நாடகத்தின் சுதந்திர வசனங்கள் தமக்கே உரியவை என்று காட்ட இரு கட்சியினரும் போட்டி போட்டுக் கைதட்டினார்கள்.

பிளெனைம் போரில் இங்கிலாந்து பெற்ற வெற்றியைப் பாடிய கவிதை அடிசனுக்கு அரசுப் பதவிக்கு வழி திறந்தது. 1717இல் அமைச்சராகவே ஆனார். போப்புக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. கத்தோலிக்கர் என்பதால் பல்கலைக்கழகமும் இல்லை, அரசுப் பதவியும் இல்லை. ஆகவே ஹோமரின் 'இலியட்' மொழிபெயர்ப்பை ஆறு தொகுதிகளாக, தொகுதிக்கு ஒரு கினி (அந்நாளைய ஆங்கிலப் பொற்காசு) வீதம் சந்தா சேர்த்து வெளியிட முனைந்தார். 575 பேர் பெயர் கொடுத்தார்கள். பதிப்பாளர் லின்டட் தந்த தொகையும் சேர, ஏறத்தாழ 5,000 பவுண்டு வந்தது. ஒரே ஒரு புரவலருக்கு அடங்கி நடக்க வேண்டிய தேவை அதோடு ஒழிந்தது. என் பார்வையில், அவருடைய எந்தக் கவிதையையும்விட அந்தச் சந்தாப் பட்டியலே இலக்கிய வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி.

1715 ஜூனில் முதல் தொகுதி வெளியான அதே வாரத்தில், அடிசனின் அணுக்கரான டிக்கெல் 'இலியட்'டின் முதல் காண்டத்தைத் தாமும் மொழிபெயர்த்து வெளியிட்டார். பட்டன் கடையினர் டிக்கெலையே உயர்த்திப் பேசினர். இதற்குப் பின்னால் அடிசன் இருக்கிறார் என்று போப் நம்பினார். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான், அடிசனுக்கு அட்டிகஸ் என்று பெயர் சூட்டிப் போப் கவிதையில் தீட்டிய அட்டிகஸ் சித்திரம்: புண்படுத்த ஆசை, அடிக்க அச்சம், கேட்டோவைப் போலச் சின்னதொரு அவைக்குச் சட்டம் வகுத்துத் தன் புகழைத் தானே செவிமடுக்கும் மனிதர். அடிசன் 1719இல் இறந்துவிட்டார். அதற்குப் பின்னரே அச்சேறிய அவ்வரிகளை, 1735இல் தம் நண்பரான மருத்துவர் ஆர்பத்நட்டுக்கு எழுதிய கவிதை மடலிலும் போப் சேர்த்துக்கொண்டார்.

'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஸ்விஃப்ட்டின் கதை வேறு. 1710இல் விக் பக்கத்திலிருந்து டோரி பக்கம் போனதால் அடிசனோடு இருந்த நட்பு ஆறிப்போயிற்று. ஸ்டீலோடு வெளிப்படையான சண்டையே மூண்டது. அந்நாட்களில் ஸ்விஃப்ட் தம் தோழி ஸ்டெல்லாவுக்கு எழுதிய கடிதங்களைத் தவறாமல் படி. யாரோடு உணவருந்தினார், யார் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது.

மற்றொன்று. 'ஸ்பெக்டேட்டர்' 253ஆம் இதழில் விமரிசனக் கலையைப் பற்றிப் போப் எழுதிய கவிதையை அடிசன் வாயாரப் பாராட்டுகிறார். சமகாலக் கவிஞர்களைப் போப் குத்துவதை மட்டும் மெல்லக் கடிந்துகொள்கிறார். அதையும் அட்டிகஸ் வரிகளையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, போப் செய்தது நியாயம்தானா என்று எனக்கு எழுது. உன் அம்மா அடிசன் பக்கம். நான் இன்னும் போப் பக்கம்தான்.

அன்புடன்,
அப்பா